கைமாறிய நெய்க்குடம்

"அஞ்சு நிமிசந்தான் சார் இருக்கு. அதுக்குள்ள சொல்லிடுறேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள லாட்ஜின் இரண்டாவது மாடியில் கருத்தக்கண்ணனின் அறை இருந்தது. அங்கே வருகிறவர்கள் வழக்கமாக உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மழை தண்ணி உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். இந்தப் பெண் நாற்காலியைத் தொடக்கூட இல்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கல்யாண வீட்டிலிருந்து எழுந்து வந்தவள் என்றுதான் யாருக்கும் தோன்றும். முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

"அஞ்சு நிமிசம் தாராளம். சொல்லுங்கம்மா," என்றார் கருத்தக்கண்ணன். அவருக்கு அவசரம் என்பது பிறவியிலேயே கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம், செத்தது நிஜமா, எரிந்தது நிஜமா என்று ஊர் ஊராக விசாரித்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய உட்கார்ந்தவர். கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிற தமிழ்வாணி அவருக்குக் கூட்டாளி. முப்பது வயது. வழக்கு என்று மோப்பம் பிடித்தால் பூத்தை இழுத்துப் பூட்டிவிட்டு மேலே வந்துவிடுவாள். இன்றும் அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே படியேறி வந்து நின்றிருந்தாள்.

"பேரு தங்கப்பொண்ணு சார். கொட்டாம்பட்டிக்குப் பக்கம், சங்குமலை அடிவாரம். என் ஓரகத்தி அன்னக்கொடி அக்காவுக்குப் பக்கத்துக் கட்டடத்துல பல்லு புடுங்குறாக. அவுக வாயத் தெறந்து உக்காந்த நேரம் பாத்து, பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கார்ல டிரைவர் இருக்கான். அவன் கண்ணுல படாம நான் திரும்பணும்."

"என்ன நடந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரரு பால்பாண்டி. அவரும் அவரு அண்ணன், எங்க மூத்தாரு நல்லகாமனும் சேந்து கல்குவாரி நடத்துறாக. ஆடி மாசம் ஒருநா குவாரிக்குப் போனவரு வீட்டுக்கு வரல. மறுநா மூத்தாரு சொல்றாரு, 'எங்கூட சண்ட போட்டுட்டு சூரத்துக்குப் போயிட்டான், போன் பண்ணினான், கோவம் தணிஞ்சா வருவான்'னு. வாரம் தவறாம போன் வருதாம். ஒரு தடவகூட என்னையக் கூப்பிட்டுக் குடுக்கல. போனுக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு. அம்மா வீட்டுக்குப் போறேன்னா, 'அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்றது, இங்கயே இரு'ங்குறாரு."

"அடிக்கிறாங்களா?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

"அடிச்சாத்தான் நாலு பேருகிட்ட சொல்லலாமே. நல்லாத்தான் வச்சிருக்காக. வேளைக்குச் சோறு, வெளிய கெளம்புனா பட்டு. மேலூர்ச் சந்தை, சொந்தக்காரக கல்யாணம், எல்லாத்துக்கும் அக்கா கூடக் கார்ல போகலாம். சங்குமலைக்கு மட்டுந்தான் விடல. வேற எங்கயும் தனியா ஒரு அடி வைக்க முடியாது."

"உங்க மூத்தார் தம்பியத் தேடிப் போகலையா?"

"போன் வருதுன்னுட்டாரே, பெறகு எங்க தேடுறது? ஆனா பாசக்காரரு சார். எங்க வீட்டுக்காரரு போயி ரெண்டு வாரம் இருக்கும், தம்பி நல்லபடியா வரணும்னு ராமேசுவரம் போயி, மொட்ட போட்டு, மீசையையும் எடுத்துட்டு வந்தாரு. வந்து எங்க அத்தை சோணையம்மா மடியில படுத்து அப்படி அழுதாரு."

கருத்தக்கண்ணன் மேசையில் இருந்த டீயை எடுத்தவர், குடிக்காமல் வைத்தார். "நான் என்ன செய்யணும்?"

"அவரு இருக்காரா, இல்லையா? அதைய மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. இருக்காருன்னா எம்புட்டு வருசமானாலும் அந்த வீட்டுலயே கெடப்பேன். இல்லேன்னா எங்கம்மாகிட்டப் போயிருவேன். இப்ப நான் ரெண்டுங்கெட்டானா கெடக்கேன் சார். பூ வைக்கும்போது கை கூசுது, வைக்காம இருக்கவும் பயமா இருக்கு."

கீழே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவள் வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டாள்.

"சூரத்துல வேற ஒருத்தி இருக்கா. நூத்துக்கு நூறு," என்றாள் தமிழ்வாணி. "அண்ணங்காரன் தம்பி மானத்தக் காப்பாத்தறாரு. அதான் போனைக் குடுக்க மாட்டேங்கிறாரு."

"இருக்கலாம். ஆனா போன்ல பேசுற தம்பிக்கு எதுக்கு மீசையை எடுக்கணும்?"

தமிழ்வாணிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வழி ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தது. பல் பிடுங்கிய வேதனையில் அன்னக்கொடி வாய் கொப்பளிக்கிற மருந்தை டாக்டரிடமே மறந்துவிட்டுப் போயிருந்தாள். டாக்டர் வீட்டுக்குத் தெரிந்தவள்தான் தமிழ்வாணி. "கொட்டாம்பட்டிப் பக்கம் போறேன், குடுத்துர்றேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள்.

நல்லகாமன் வீட்டுக்குத் தமிழ்வாணி மட்டும் போனாள். புது வீடு, பெரிய வீடு. முற்றத்துக்கு மேலேகூடக் கம்பிவலை அடித்திருந்தார்கள். "கொரங்குத் தொல்லை" என்றாள் அன்னக்கொடி, வீங்கிய கன்னத்தோடு. கொல்லையில் நாலு கறவை மாடுகள் நின்றன. கூடத்தில் போன் இருந்தது, எண் சுழற்றும் வட்டத்தில் சின்னப் பூட்டோடு. நடு அறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தங்கப்பொண்ணு நின்றிருந்தாள். தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளாமல் தமிழ்வாணியைப் பார்த்தாள்.  அந்த வீட்டில் காற்று இருந்தது, வெளிச்சம் இருந்தது, மூச்சுதான் விட முடியவில்லை.

அன்னக்கொடி காப்பி போட உள்ளே போன இடைவெளியில், கருத்தக்கண்ணன் சொல்லி அனுப்பியிருந்ததை ஜன்னலருகே போய்ச் சொன்னாள். "கார்த்திகை தீபத்தன்னைக்கு மலைக்குப் போகணும்னு உங்க அத்தைகிட்ட சொல்லுங்க. மகனுக்காக விளக்குப் போடலாம்னு சொல்லுங்க. அவுக கேட்டா உங்க மூத்தாரால ஊருக்கு முன்னாடி மறுக்க முடியாது."

அவள் திரும்பும்போது வாசலில் கல் லாரி வந்து நின்றது. கேபினிலிருந்து நல்லகாமன் குதித்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு நல்ல திடம். மீசை பாதி வளர்ந்திருந்தது. "மருந்து குடுக்க மதுரையிலருந்தா வந்தீக? இருந்து சாப்பிட்டுப் போங்க தாயி," என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் தமிழ்வாணியை மேலும் குழப்பியது.

கருத்தக்கண்ணன் அடிவாரத்து டீக்கடையில் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "சரி, வந்ததுக்குச் சாமியப் பாத்துட்டுப் போவோம்," என்றார்.

சங்குமலை பெரிய மலை அல்ல. ஆனால் ஏறுகிறவனைச் சும்மா விடாது. படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் அரிவாளோடு கருப்பசாமி. அவரிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பார்கள். செருப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். பாதி மலையில் ஒரு சுனை, எந்தக் கோடையிலும் வற்றாதது. கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு மேலே போனால், இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற இடுக்கு. அதைத் தாண்டினால் முருகன் சன்னதி. தமிழ்வாணி இடுக்குக்குள் போனபோது, இருபக்கக் கல்லும் தோளை உரச, அந்த ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்து பதறிப்போய் வேகமாக வெளியே வந்தாள்.

பூசாரி மொக்கைச்சாமிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். திருநீறு கொடுத்த கையோடு ஆரம்பித்துவிட்டார். மலைமேல் தீபத்துக்கு நெய் கொண்டுவருவது நல்லகாமன் குடும்பத்து உரிமை. மாசாமாசம் கார்த்திகைக்கு வீட்டுக்கு மூத்தவர் தலையில் நெய்க்குடத்தோடு ஏறி வருவார். அவர் அப்பா, அவருக்கு அப்பா, எல்லாரும் அப்படித்தான். பெரிய கார்த்திகைக்கு மேளதாளத்தோடு வருவார்.

"இப்ப வாரதில்லண்ணே. ஆடி கழிஞ்சதுலருந்து லாரி டிரைவர்தான் கொண்டாந்து குடுக்கான். முட்டி வலியாம் பெரியவருக்கு. அதுகூடப் போகட்டும், வீட்டுல நாலு கறவ மாட்ட வச்சுக்கிட்டு, கொட்டாம்பட்டிக் கடை நெய்ய டின்னோட குடுத்து விடுறாரு. அதுக்குப் பாரு எரியுற லட்சணத்த."

"கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். 'இந்த வருசம் இப்படி இருக்கட்டும் சாமி'ன்னாரு. அம்புட்டுத்தான்."

சன்னதிக்குப் பின்னால் பாறை வெட்டவெளியாக விரிந்திருந்தது. கருத்தக்கண்ணன் அங்கே போய் நின்றார். கீழே வயல்களும், கண்மாயும், திருச்சி ரோட்டில் ஊர்கிற லாரிகளும் தெரிந்தன. மலைக்கு வடக்கே நல்லகாமனின் குவாரி. சதுரம் சதுரமாக மூன்று பள்ளங்கள். இரண்டில் ஆட்கள் வேலை செய்தார்கள், மோட்டார் ஓடியது, குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டியது. மூன்றாவதில் தண்ணீர் பச்சையாகத் தேங்கி நின்றது. சுற்றிலும் புதிதாக வெட்டிப் போட்ட முள்வேலி.

"அந்தக் குழியில கல்லு தீந்துபோச்சு போல," என்றாள் தமிழ்வாணி.

"தீரல. நல்லாப் பாரு, பாதி அறுத்த பெரிய கல்லு ஒண்ணு தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. விலைபோற கல்ல அப்படியே விட்டுட்டு மோட்டாரை எதுக்குக் கழட்டணும்?"

"எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு சார். தம்பிய எங்கயோ அடைச்சு வச்சிருக்காரு. குவாரி கொட்டகைல இருக்கும்."

கருத்தக்கண்ணன் படிக்கட்டை நோக்கி நடந்தார். இறங்கும்போது சுனையருகே உட்கார்ந்து வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று மாலையே கொட்டாம்பட்டி ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் பேசினார். என்ன பேசினார் என்று தமிழ்வாணி பஸ்ஸில் குடைந்து குடைந்து கேட்டும் சொல்லவில்லை. "தப்பா இருந்துட்டா ஒரு நல்ல மனுசன் மேல பெரிய பழி. கார்த்திகை வரைக்கும் பொறு," என்றார். மதுரை வரைக்கும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று பிற்பகல் அடிவாரத்தில் ஊரே கூடியிருந்தது. கருப்பசாமி முன்னால் நெய்க்குடம் மாலையோடு இருந்தது. நல்லகாமன் வெள்ளை வேட்டியில் நின்றார், ஆனால் குடத்தைத் தொடவில்லை. டிரைவர்தான் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றான். அன்னக்கொடி கார் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். சோணையம்மாள் பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள். மருமகள் தங்கப்பொண்ணு பூத்தட்டோடு அவளுக்குக் கைத்தாங்கலாக நின்றாள்.

"ஆத்தா, கும்பிட்டாச்சுல்ல? கார்ல ஏறு. கூட்டத்துல நசுங்கிருவ," என்றார் நல்லகாமன்.

"எம்மகனுக்கு விளக்குப் போடாம நான் போகமாட்டேன். நீ வராட்டிப் போ. இவ என்னையக் கூட்டிட்டுப் போவா."

தங்கப்பொண்ணு முதல் படியில் கால் வைத்தாள். மாமியாரின் கையைப் பிடித்து ஏற்றத் திரும்பினாள்.

"ஏறாதீங்க."

நல்லகாமன் போட்ட சத்தத்தில் மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஓடிவந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏறக்கூடாது ஆத்தா. வேணாம். சாமி குத்தமாயிரும்."

"என்ன குத்தம்ண்ணே?" என்று கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார் கருத்தக்கண்ணன். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பிள்ளை நல்லா வரணும்னு தாயும் பொண்டாட்டியும் மலையேறுறாங்க. அதுல முருகனுக்கு என்ன குத்தம்?"

"நீங்க யாரு?"

"இந்தப் பொண்ணு என்னைய ஒரு கேள்வி கேட்டுச்சு. அதுக்குப் பதில் தேடி வந்தவன். நான் சொல்றதுல தப்பு இருந்தா இங்கயே திருத்துங்க, கருப்பசாமி கேட்டுக்கிட்டு இருக்காரு." கருத்தக்கண்ணன் நெய்க்குடத்தைக் காட்டினார். "உங்க குடும்பத்து உரிமை. இதுக்காக வெட்டுக்குத்து நடந்த ஊருங்க இருக்கு. நீங்க இதை டிரைவர் கையில குடுத்துட்டீங்க. முட்டி வலின்னு சொன்னீங்க. ஆனா லாரிலருந்து குதிக்கிறீங்க, என் ஆளு பாத்துச்சு. சரி, ஏறத்தான் முடியலன்னே வச்சுக்குவோம். வீட்டு நெய்ய ஏன் நிறுத்துனீங்க? கடை நெய்ய ஏன் வாங்குனீங்க? நெய்க்குமா முட்டி வலிக்குது?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

"மலையேறக்கூடாத வீடு எது? அந்த வீட்டு நெய்யும் பூவும் மலைக்கு ஆகாதுன்னு சொல்ற வீடு எது? இந்தப் பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். சாவு விழுந்த வீடு. ஒரு வருசம் மலை மிதிக்க மாட்டாங்க. பூசாரிகிட்டயும் நீங்க அதத்தான் சொன்னீங்க, 'இந்த வருசம் இப்படி இருக்கட்டும்'னு. இந்தப் பொண்ண எல்லா ஊருக்கும் கார்ல கூட்டிட்டுப் போற நீங்க, கண்ணுக்கு முன்னால இருக்கிற இந்த மலைக்கு மட்டும் விடல. ஓடிருவான்னு பயம்னா சந்தைக்கு விட்டிருக்க மாட்டீங்க. தீட்டோட ஏறிருவாங்கிற பயம். நீங்க அந்தத் தீட்டுல இருக்கீங்க. வீட்டுல மத்த யாருக்கும் அது தெரியாது."

சோணையம்மாள் மகனின் கையைத் தோளிலிருந்து எடுத்தாள்.

"வேண்டுதலுக்குத் தலைமுடி குடுப்போம். மீசையையும் சேத்து மழிக்கிறது கருமாதிக்கு. அதுவும் ராமேசுவரத்துல, போயி ரெண்டு வாரம் ஆன கணக்குல. முறை தவறாம காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. சூரத்துலருந்து போன் பேசுற ஆளுக்கு யாரும் காரியம் பண்ண மாட்டாங்க." கருத்தக்கண்ணன் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். "ஊரை ஏமாத்துனீங்க, பெத்தவளை ஏமாத்துனீங்க. சாமிய ஏமாத்த மட்டும் உங்களுக்கு மனசு வரல. அதனாலதான் உங்களக் கொலைகாரன்னு நான் நினைக்கல. உங்க மூணாவது குழியில மோட்டார் ஏன் ஓடல? நீங்களே சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் அங்க நிக்கிறாரு."

நல்லகாமன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். டிரைவர் தூக்கப் போனான், அவர் கையை உதறிவிட்டார்.

"வச்ச வெடியில ஒண்ணு வெடிக்கல," என்றார். "போயி என்னன்னு பாருடான்னு நாந்தான் சொன்னேன். பொறுத்துப் போறேன்னான். என்னடா பயம்னு ஏசுனேன். போனான். அவன் கிட்டப் போகவும் வெடிச்சிருச்சு. ஆளுக எல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருந்தாக. நானும் அவனும் மட்டுந்தான். அனுமதி இல்லாத வெடி. வெளிய தெரிஞ்சா குவாரிய இழுத்து மூடிருவாக, அம்புட்டுக் குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும்னு நெனச்சேன். அந்த நேரத்துல அதுதான் தோணுச்சு. நானே மண்ணத் தள்ளி மூடினேன். மோட்டாரை நிறுத்துனேன். எந்தம்பிய நானே..." அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு நாளும் இந்த மலையப் பாத்துத்தான் முழிக்கிறேன். ஏறி அழக்கூட முடியல."

"இவள ஏன் அடைச்சு வச்சீங்க?" தமிழ்வாணி கோபத்தோடு முன்னால் வந்தாள்.

"வெளிய விட்டா தேடுவாள்ல தாயி. அவனுக்கு எது ஒண்ணுன்னாலும் விடாம தேடுறவ."

சோணையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு படியோரம் சரிந்தாள். பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அன்னக்கொடி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது என்பது பார்த்த எல்லாருக்கும் புரிந்தது. இன்ஸ்பெக்டர் நல்லகாமனின் அருகே வந்து நின்றார், உடனே கை வைக்கவில்லை.

தங்கப்பொண்ணு முதல் படியிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. கருத்தக்கண்ணனைப் பார்த்து, "இல்லைல்ல சார்?" என்றாள்.

"இல்லம்மா."

அவள் குனிந்து பூத்தட்டைக் கருப்பசாமி மேடையில் வைக்கப் போனாள். பாதியில் தீட்டு நினைப்பு வந்து, அதைப் பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு, ஏறின அந்த ஒரே படியிலிருந்து பின்னோக்கிக் கால் எடுத்து வைத்து, மண்ணில் இறங்கி நின்றாள். கூட்டத்தில் வயதான பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதார்கள்.

தமிழ்வாணி அவள் தோளைத் தொட்டாள். "அம்மா வீட்டுக்குப் போவோம். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"போகலாம்க்கா," என்றாள் தங்கப்பொண்ணு. "மொதல்ல அந்தத் தண்ணிய இறைக்கச் சொல்லுங்க. அவரு ஆடியிலருந்து அங்க தனியாக் கெடக்காரு."

சொல்லிவிட்டு, மலையைச் சுற்றி வடக்கே போகிற வண்டித்தடத்தில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. கூட வருவதற்கு அவள் யாரிடமும் கேட்கவில்லை, போகாதே என்று சொல்லவும் அங்கே யாரும் இல்லை.